பேரில் இருக்கும் சிங்கம்

கல்லும் கர்ஜனையும் – 9

சென்ற வாரம் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில், பாறைக்குள் படுத்து உயிர்விடும் சிங்கத்தைப் பார்த்தோம். இந்த வாரம் கிழக்கே வருவோம். இங்கே நிற்பது வாயால் தண்ணீர் பீய்ச்சும் சிங்கம்.

சிங்கப்பூரின் மெர்லயன் பூங்காவுக்குப் போகிற எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பெரிய சிலையின் வாயிலிருந்து கொட்டும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்துவதுபோலவோ, வாய் திறந்து குடிப்பதுபோலவோ நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியதன் முதுகுப் பக்கம் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு குட்டி இருக்கிறது. அங்கே அவ்வளவு கூட்டம் இல்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும்: அதன் தோல் பீங்கான் தட்டுகளால் ஆனது, கண்கள் இரண்டும் சின்னஞ்சிறு சிவப்புத் தேநீர்க் கோப்பைகள்.

நான் அந்தக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் தமிழ்க் குரல் கேட்டது. ஏழெட்டு வயதுப் பையன், ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவன். "ஏம்ப்பா, இந்த ஊர்ல நெசமாவே சிங்கம் இருந்துச்சா?" அப்பா கொஞ்சம் யோசித்தார். "பேர்லயே இருக்குல்லடா" என்றார்.

சிரிப்பு வந்தது. ஆனால் அது ஏழு நூற்றாண்டுப் பழைய பதில்.

'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூல் சொல்லும் கதை இது. பலெம்பாங்கிலிருந்து வந்த இளவரசன் சாங் நீல உத்தமன், வேட்டைக்குப் போன இடத்தில் கடலுக்கு அப்பால் வெண்மணல் கரை ஒன்றைக் காண்கிறான். துமாசிக் என்கிறார்கள். புறப்படுகிறான். நடுக்கடலில் புயல். பாரத்தைக் குறைக்க எல்லாவற்றையும் எறிந்த பிறகு, தலையில் இருந்த கிரீடத்தையும் கடலில் போடுகிறான். புயல் அடங்குகிறது. கரையேறியதும் ஒரு விலங்கு குறுக்கே பாய்ந்து மறைகிறது. சிவந்த உடல், கருத்த தலை, வெண்மையான நெஞ்சு, ஆட்டுக்கடாவைவிடக் கொஞ்சம் பெரியது. "இது என்ன?" என்று கேட்கிறான். யாருக்கும் தெரியவில்லை. டெமாங் லேபார் டாவுன் என்ற மூத்த பிரபு மட்டும், பழைய கதைகளில் சிங்கம் இப்படித்தான் இருக்கும் என்று கேட்டிருப்பதாகச் சொல்கிறார். அவ்வளவுதான், ஊர் சிங்கபுரம் ஆகிவிட்டது. ஆண்டு 1299 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

கவனியுங்கள். பார்த்தவனுக்குப் பெயர் தெரியாது. பெயர் சொன்னவர் அந்த விலங்கைக் கண்டதில்லை, கேட்டதுதான்.

அந்தக் காட்டில் உண்மையில் இருந்தது புலி. 1835-இல் பொதுப்பணி மேற்பார்வையாளர் ஜார்ஜ் கோல்மன் சாலைக்காக நிலம் அளந்துகொண்டிருந்தபோது, புதரிலிருந்து புலி பாய்ந்து அவருடைய அளவைக் கருவியைச் சாய்த்தது. கூட இருந்தவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள். அந்தக் களேபரத்தை ஒரு ஜெர்மானிய ஓவியர் வரைந்த படம் இன்றும் அங்கே புகழ்பெற்றது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் காம்பியர் தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பலரைப் புலி அடித்தது. கொல்பவருக்கு அரசு பணமுடிப்பு கொடுத்தது. ஆனாலும் ஊர்ப் பெயர் புலியூர் ஆகவில்லை.

காரணம் தேட விலங்கியல் நூலைப் புரட்ட வேண்டியதில்லை. நம்முடைய மொழியே சொல்லும். அரசன் உட்காரும் இடத்துக்கு நாம் சிங்காசனம் என்கிறோம். நல்ல தமிழில் அரியணை. அரி என்றால் சிங்கம். அந்தக் காலத்து அரசர்களுக்குச் சிங்கம் ஒரு பதவிப் பெயர். வியட்நாமின் சம்பா நாட்டில் ஒரு சிம்மபுரம் தலைநகராக இருந்தது; கலிங்கத்தில் இன்னொன்று. கிரீடத்தைக் கடலில் எறிந்து வந்தவன் புது ஊருக்குச் சிங்கத்தின் பெயரைச் சூட்டியதில் ஒரு நியாயம் இருக்கிறது. போனது கிரீடம், பிடித்தது அரியணை.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு மூலை உண்டு. அதே நூலில், உத்தமனின் முன்னோனாக ராஜா சூலான் என்ற இந்திய மன்னன் வருகிறான். சீனத்தை வெல்லப் பெரும்படையோடு துமாசிக் வரை வந்துவிடுகிறான். சீனர்கள் தந்திரமாக ஒரு கப்பலை அனுப்புகிறார்கள். அதில் பல் போன கிழவர்கள், துருப்பிடித்த ஊசிகள், காய்த்துக் குலுங்கும் மரங்கள். "சீனம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "புறப்பட்டபோது நாங்கள் வாலிபர்கள், இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகளாக இருந்தன, மரங்கள் அப்போது நட்ட விதை" என்கிறார்கள். சூலான் படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான்! அந்தப் பெயரில் சோழன் ஒலிப்பதையும், 1025-இல் ராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியதன் எதிரொலி இது என்பதையும் ஆய்வாளர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு தடயமும் உண்டு. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துகள் செதுக்கிய பெரும் பாறை ஒன்று இருந்தது. 1843-இல் ஆங்கிலேயப் பொறியாளர்கள் இடத்தை அகலப்படுத்த அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றுவரை யாரும் அதை முழுமையாகப் படித்ததில்லை. 2019-இல் ஆய்வாளர் இயன் சின்கிளேர் அதில் 'கேசரிவ' என்ற எழுத்துகளைக் காண முடிவதாகவும், அது 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றும் எழுதினார். ராஜேந்திரனுக்கு அந்தப் பட்டம் உண்டு. கேசரி என்றாலும் சிங்கம்தான். இது முடிந்த முடிவல்ல, ஒரு யூகம். ஆனால் யூகம் சரியாக இருந்தால், அங்கும் சிங்கம் எழுத்தாகத்தான் வந்து இறங்கியிருக்கிறது.

கேடயத்தின் இரு பக்கம்

1959 டிசம்பர் 3. யூசுப் இஷாக் மாநிலத் தலைவராகப் பதவியேற்ற அன்று புதிய கொடி, கீதத்தோடு சின்னமும் வெளியானது. சிவப்புக் கேடயம், அதில் பிறையும் ஐந்து நட்சத்திரங்களும். கேடயத்தை இரண்டு விலங்குகள் தாங்குகின்றன. நம் பார்வைக்கு இடப்பக்கம் சிங்கம், அது சிங்கப்பூர். வலப்பக்கம் புலி, அது மலாயாவோடு இருந்த உறவு. அந்த மண்ணில் நிஜமாக உறுமிய விலங்கு உறவினர் இடத்துக்குப் போய்விட்டது. ஒருநாளும் கால் வைக்காதது வீட்டுக்காரர் ஆகிவிட்டது.

இதில் ஒரு சௌகரியம் இருந்ததாக எனக்குப் படுகிறது. மலாய்க்காரருக்கு நீல உத்தமனின் சிங்கம். சீனருக்குக் கோயில் வாசலில் கல் சிங்கம், புத்தாண்டுக்குத் தெருவில் சிங்க நடனம். தமிழருக்குத் துர்க்கையின் வாகனம், நரசிம்மம். போன வெள்ளைக்காரனுக்கும் ஒரு சிங்கம் இருந்தது. உள்ளூர்ச் சிங்கம் என்று ஒன்று இல்லாததால் எல்லோரும் தத்தம் ஊரிலிருந்து மூட்டையோடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். உரிமை கொண்டாட ஒருவருக்கும் இல்லாத விலங்கை நான்கு மொழி பேசும் ஊர் பங்குபோட்டுக்கொள்வது சுலபம்.

அரசுச் சின்னத்தை எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது, சட்டம் தடுக்கும். மக்கள் புழங்குவதற்கென்றே 1986-இல் சிவப்புச் சிங்கத்தலைச் சின்னம் வந்தது. பிடரியின் ஐந்து பிரிவுகள் கொடியின் ஐந்து நட்சத்திரங்களைக் குறிக்கின்றன: ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம்.

மெர்லயன் பிறந்தது வேறு வழியில். 1964-இல் சுற்றுலா வாரியத்துக்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. வரைந்தவர் பிரேசர் புரூனர், வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் காப்பாளர். மீனோடு வாழ்ந்தவர் சிங்கத்துக்கு மீன் உடல் கொடுத்ததில் வியப்பென்ன? சிற்பி லிம் நாங் செங் கைவண்ணத்தில் 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடையில் சிலை எழுந்தது. 1972 செப்டம்பர் 15 அன்று பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்தார். நின்ற இடம் அதே ஆற்று முகத்துவாரம்.

பாறையை விரட்டிய வளர்ச்சி சிங்கத்தையும் சும்மா விடவில்லை. 1997-இல் எஸ்பிளனேட் பாலம் வந்து முகத்தை மறைத்தது. அடுத்த ஆண்டு மோட்டார் பழுதாகித் தண்ணீரும் நின்றது. 2002-இல் அதை 120 மீட்டர் நகர்த்திப் பாலத்துக்கு இப்பால் வைத்தார்கள். 2009-இல் மின்னல் தலையைப் பதம் பார்த்தது. செந்தோசா தீவில் இருந்த 37 மீட்டர் மெர்லயனுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2019-இல் மூடி, இடித்துவிட்டார்கள். கடைக்குச் செய்த பொம்மை என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த எட்வின் தம்பு 1979-இல் அதைப் பற்றிக் கவிதை எழுதினார். அதன் பிறகு அந்த ஊர்க் கவிஞர் பலரும் ஆளுக்கொன்று எழுதிப் பார்த்துவிட்டார்கள். திட்டி எழுதியவர்களும் அதில் அடக்கம். யாளி கட்டிய தூண்களுக்கு நடுவே வளர்ந்த நமக்கு, இல்லாத விலங்கு கல்லில் குடியேறுவது புதிதுமல்ல, குறையுமல்ல.

பூங்காவை விட்டுக் கிளம்பும்போது அந்த அப்பாவும் பையனும் ஐஸ்கிரீம் வண்டி அருகே நின்றிருந்தார்கள். மீதிச் சில்லறையில் ஒரு டாலர் நாணயம். ஒரு பக்கம் மெர்லயன். மறுபக்கம் அரசுச் சின்னம், சுற்றிலும் ஊர்ப் பெயர் நான்கு மொழிகளில். பையன் எழுத்துக்கூட்டி 'சிங்கப்பூர்' என்று தமிழில் வாசித்தான். அப்புறம் நாணயத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"அப்பா, இதுல புலியும் இருக்குப்பா!"

(அடுத்த வாரம்: போஹீமியாவின் இரட்டை வால் சிங்கம்)