பாராட்டு நின்ற பிறகு
(எடைக்குப் பின் – 11)

சென்ற வாரம் எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்த முதல் ஆறு மாதத்தோடு நிறுத்தியிருந்தேன். அது சுலபமான காலம். பசி அவ்வளவாக எடுக்காது, நாலு வாய்க்கு மேல் இறங்காது, மெஷினில் ஏறும்போதெல்லாம் எடை குறைந்திருக்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு நின்றுபோன பிறகு என்ன ஆகிறது என்பதுதான் இந்த வாரம்.

ஸ்வீடனில் 1987இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பருமனானவர்கள் 4,047 பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், மற்றவர்கள் வழக்கமான சிகிச்சையில் இருந்தார்கள். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தது. பத்தாவது வருடத்தில் பார்த்தால் அந்தக் குறைவு 25 சதவீதம். 120 கிலோவில் தொடங்கியவர் 82 வரை இறங்கி, பிறகு 90க்கு வந்து நின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். மற்ற கூட்டத்தின் எடை பத்து வருடத்திலும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆபரேஷன் கூட்டத்தில் இறப்பும் குறைவு. ஆனால் அந்த எட்டு கிலோ எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் இப்போது அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒடுக்கமாக விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்த அந்த மேல்பாகத்தில்தான். அதனால்தான் முதல் வருடம் சோற்றைப் பார்த்தாலும் ஆசை வருவதில்லை. போகப் போகப் பசி திரும்புகிறது, இரைப்பையும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. உடம்பு சிறுத்துவிட்டதால் அதற்குத் தேவையான கலோரியும் முன்பைவிடக் குறைவு. இதில் யாருடைய நாக்கின் மேலும் குற்றம் இல்லை.

ஒடுங்கிய இரைப்பை அளவைத் தடுக்கும், வகையைத் தடுக்காது. கோழித்துண்டு நாலுக்கு மேல் போகாத வயிற்றில் முறுக்கும் மிக்சரும் கரைந்து வழுக்கிக்கொண்டு போகும். கேசரியும் ஐஸ்கிரீமும் அப்படியே. கடலூர் மாவட்டத்துக்காரருக்குப் பண்ருட்டி முந்திரி வேறு வீட்டிலேயே இருக்கும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் என்றால் 160 கலோரிக்கு மேல். டிவி பார்த்தபடி மூன்று கைப்பிடி போனால் ஒரு வேளைச் சாப்பாடே போனதாகக் கணக்கு. வயிறு நிறைந்ததாகவும் தெரியாது.

டயட்டீஷியன்கள் நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்கிறார்கள். இட்லியை நம்பி அங்கே போய்ச் சேர முடியாது, ஓர் இட்லியில் இரண்டு கிராம் இருந்தாலே அதிகம். கடலூர் துறைமுகத்தில் வந்திறங்கும் மத்தியோ சங்கராவோ 100 கிராமில் இருபது கிராம் வரை தரும். குழம்பில் போட்ட மீனை முதலில் சாப்பிட்டு, இடம் இருந்தால் சோறு. சிதம்பரத்தில் சைவச் சாப்பாட்டு வீடுகளுக்குத்தான் சிரமம். சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் எவ்வளவு ருசியானாலும் புரதத்துக்கு உதவாது. பயறு, தயிர், பன்னீர், சோயா என்று தேடித்தான் சேர்க்க வேண்டும். அவர்கள் பி12 மாத்திரையையும் விடக்கூடாது. உடம்பில் பழைய இருப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று மாத்திரையை நிறுத்திய ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கால் மரத்துப்போகும்.

கடலூருக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை, விலை குறைந்த பாட்டில். பைபாஸ் செய்தவர் உடம்பில் சாராயம் வேகமாக ஏறும். ஆபரேஷனுக்குப் பிந்தைய இரண்டாம் வருடத்தில் குடிப்பிரச்சினை கூடுவதை 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. சாப்பாட்டில் இருந்த ஆறுதல் போன இடத்தில் குடி வந்து உட்கார்ந்துவிடுகிறது என்று சிலர் விளக்குகிறார்கள். முழு விளக்கம் அதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இத்தனையையும் சமாளித்துவிடலாம். நம் பக்கத்தில் சமாளிக்க முடியாதது ரகசியம். ஆபரேஷன் செய்துகொண்டதை வெளியே சொல்வதில்லை, பெண்கள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இந்தச் சிகிச்சைக்குப் போய் இறந்த பிறகு, சொன்னால் திட்டு விழும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. விளைவு? கல்யாண வீட்டில் பெரியம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “என்னம்மா இப்படி எளைச்சிட்ட, சுகரா?” என்பார். பதில் சொல்ல முடியாது. இலையில் இரண்டாவது முறை பாயசம் விழும், வேண்டாம் என்று சொல்லக் காரணமும் இருக்காது. மெலிவை நோயாகப் பார்க்கும் ஊரில் எடையைக் காப்பது தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. வடலூரில் வள்ளலார் 1867இல் பசியாற்ற மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிற மாவட்டம் இது. சாப்பாடு போடுவதுதான் இங்கே அன்பு. அந்த அன்பிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. குறைந்தபட்சம் வீட்டில் சமைக்கிறவருக்காவது முழு விஷயமும் தெரிய வேண்டும்.

எடையைக் குறைத்துத் தக்கவைத்தவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994 முதல் நடக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், பெரும்பாலோர் தினமும் ஒரு மணி நேரம் அளவுக்கு உடம்பை அசைக்கிறார்கள். கடலூர் சில்வர் பீச்சில் விடியற்காலை நடப்பதற்கோ, சிதம்பரத்தில் நான்கு வீதியைச் சுற்றுவதற்கோ காசு கேட்பவர் யாரும் இல்லை. வெயில்தான் சிக்கல், ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

மூன்று கிலோ ஏறினால் மருத்துவரிடம் போங்கள், பத்து ஏறும் வரை காத்திருக்காதீர்கள். எடை ஏறிய வெட்கத்திலேயே பலர் செக்கப்பை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவர் திட்டினால் வேறு மருத்துவரைப் பாருங்கள். திரும்பி ஏறிய எடைக்கு இப்போது ஊசி மருந்தும் கொடுக்கிறார்கள். மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. விலை, பலன், ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)