இராணுவ நீதிமன்றப் போதைப்பொருள் தண்டனையின் குடிமை விளைவுகள்

இராணுவ நீதிமன்றப் போதைப்பொருள் தண்டனையின் குடிமை விளைவுகள் என்பது, போதைப்பொருள் குற்றத்திற்காக இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்ட படைவீரர், ஊர் திரும்பிய பின் ஓய்வூதியம், வேலை, துப்பாக்கி உரிமம், தேர்தல் ஆகியவற்றில் எதிர்கொள்ளும் சட்டத் தடைகளைக் குறிக்கும். இந்தியாவில் இத்தடைகளைத் தொகுத்துக் கூறும் தனிச் சட்டம் இல்லை. அவை பல சட்டங்களில் சிதறியுள்ளன. சிறைத் தண்டனை சில மாதங்களில் முடிந்தாலும், சில தடைகள் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியவை.

எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?

போதைப்பொருள் குற்றங்களுக்கான முதன்மைச் சட்டம் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். இதன்படி கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு; 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு.

இராஜபாளையத்தைச் சேர்ந்த சிப்பாய் ஒருவர் விடுமுறையில் வந்திருக்கும்போது கஞ்சாவுடன் பிடிபட்டால், உள்ளூர்க் காவல்துறை வழக்குப் பதியும். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. எனினும், மூன்று ஆண்டுகளுக்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய போதைப்பொருள் குற்றங்களைச் சிறப்பு நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். மதுரையில் அத்தகைய நீதிமன்றம் செயல்படுகிறது.

அதே சிப்பாய் படைமுகாமில் பிடிபட்டால் இராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம். 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், பிரிவு 69, பொதுச் சட்டக் குற்றங்களையும் இராணுவ நீதிமன்றம் விசாரிக்க வழி செய்கிறது. இரு நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் இருக்கும்போது, எங்கு விசாரிப்பது என்பதைப் பிரிவு 125இன்படி படை அதிகாரி முடிவு செய்கிறார்.

ஒரே குற்றத்திற்கு இருமுறை தண்டனை உண்டா?

இராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், மத்திய அரசின் முன் அனுமதியுடன் குற்றவியல் நீதிமன்றம் மீண்டும் விசாரிக்கலாம் என்று முன்பு இராணுவச் சட்டத்தின் பிரிவு 127 கூறியது. 1992ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவை நீக்கியது. ஒரே குற்றத்திற்கு இருமுறை வழக்குத் தொடுத்துத் தண்டிப்பதை அரசியலமைப்பின் 20(2) உறுப்பும் தடுக்கிறது. ஆனால் இப்பாதுகாப்பு தண்டனைக்கு மட்டுமே பொருந்தும். ஓய்வூதிய இழப்பு, வேலைத் தடை போன்றவை இரண்டாம் தண்டனையாகக் கருதப்படுவதில்லை.

பணிநீக்கமும் ஓய்வூதியமும்

சிறைக்காலத்தைவிடப் படையிலிருந்து வெளியேறிய விதமே குடிமை வாழ்வை அதிகம் பாதிக்கிறது. இராணுவச் சட்டத்தின்கீழ் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு, அதுவரை ஆற்றிய பணி முழுவதற்குமான ஓய்வூதியமும் பணிக்கொடையும் பொதுவாகக் கிடைக்காது. விதிவிலக்காக மட்டுமே அவை வழங்கப்படலாம்.

மேலும், மத்திய அரசின் 1979ஆம் ஆண்டு மறுவேலைவாய்ப்பு விதிகள் பணிநீக்கம் செய்யப்பட்டவரையும், தவறான நடத்தைக்காக விடுவிக்கப்பட்டவரையும் 'முன்னாள் படைவீரர்' என்ற வரையறையில் சேர்ப்பதில்லை. எனவே அவ்விதிகள் தரும் வேலைவாய்ப்புச் சலுகைகளை அவர் கோர முடியாது.

வேலைவாய்ப்பு

ஓய்வு பெற்ற படைவீரர் பலருக்கு நூற்பாலை, வங்கி, பண இயந்திர மையம் ஆகியவற்றில் காவலர் வேலையே அடுத்த பிழைப்பு. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் பிரிவு 10, முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை அளிக்கலாம் என்கிறது. அதே பிரிவு, தகுதியுள்ள நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரையும், படையிலிருந்து தவறான நடத்தை அல்லது ஒழுக்கக்கேட்டுக்காக நீக்கப்பட்டவரையும் காவலராகவோ மேற்பார்வையாளராகவோ அமர்த்தக் கூடாது என்கிறது.

அரசு வேலைக்கான படிவத்தில் பழைய தண்டனையை மறைப்பது தனிச் சிக்கலாகும். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், தண்டனை பற்றிய தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றது. உண்மையைச் சொன்னவரையும் பின்னணி கருதி அமர்த்த மறுக்க நிறுவனத்திற்கு உரிமை உண்டு என்றும் கூறியது.

பிற தடைகள்

* துப்பாக்கி உரிமம்: வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்திற்குச் சிறைத் தண்டனை பெற்றவருக்கு, தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை உரிமம் கிடையாது (ஆயுதச் சட்டம், 1959).
* தேர்தல்: போதைப்பொருள் சட்டக் குற்றத்திற்குச் சிறை சென்றவர், விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டுகள் வரை நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் போட்டியிட முடியாது. அபராதம் மட்டும் என்றால் தண்டிக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 8).
* வழக்கறிஞர் தொழில்: ஒழுக்கக்கேடான குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டவர், விடுதலையாகி இரண்டு ஆண்டுகள் ஆகும்வரை பதிவு செய்ய இயலாது.

இவற்றில் குற்றச்சாட்டின் பிரிவு முக்கியமானது. மது அல்லது மருந்தின் மயக்கத்தில் இருந்ததாகப் பிரிவு 48இன்கீழ் தண்டிக்கப்படுவது இராணுவ ஒழுங்குக் குற்றம். பிரிவு 69இன்கீழ் கஞ்சா வைத்திருந்ததாகத் தண்டிக்கப்படுவது பொதுச் சட்டக் குற்றம். வெளியுலகில் இரண்டின் எடையும் வேறு.

மேல்முறையீடு

இராணுவ நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியாது. பிரிவு 164இன்கீழ் இராணுவ மேலதிகாரிகளிடம் மனு அளிக்கலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வையும் அணுகலாம். சுருக்க இராணுவ நீதிமன்றத் தீர்ப்பானால், பணிநீக்கமோ மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்பட்டிருந்தால்தான் தீர்ப்பாயம் ஏற்கும். உயர் நீதிமன்றத்தின் பேராணை அதிகாரம் தீர்ப்பாயத்தால் குறையாது என உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது.

தீர்ப்பு நீக்கப்பட்டால் அதைச் சார்ந்த தடைகளும் அடிப்படை இழக்கும். ஆகவே குற்றப்பத்திரிகை, விசாரணைப் பதிவு, பணிவிடுப்பு ஆவணம் ஆகியவற்றின் நகல்களைப் பாதுகாத்து வைப்பது தண்டிக்கப்பட்டவருக்கும் குடும்பத்தினருக்கும் இன்றியமையாதது.