மொட்டை டயரும் ஐப்பசி மழையும்

(இரு சக்கர ஊர் – 14)

மதுரையில் மொட்டை டயரை வைத்துக்கொண்டு வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் ஓட்டிவிடலாம். ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை. ஊரின் வானிலை அப்படி. தை பிறந்துவிட்டால் சாலை காயத் தொடங்கும். கோடையில் இரண்டு மூன்று தரம் இடியோடு கொட்டி ஓயும். மற்றபடி பெரும்பாலும் வெயில்தான். காய்ந்த தார்ச்சாலையில் பட்டன் தேய்ந்த டயர் நன்றாகவே பிடிக்கும். பந்தயத் தடத்தில் சீறும் பைக்குகளைப் பாருங்கள், காய்ந்த தடத்துக்கென்று போடும் டயரில் பெயருக்குக்கூட ஒரு கோடு இருக்காது. வழவழவென்று இருக்கும்.

டயரில் பட்டன்களுக்கு நடுவே வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் தண்ணீருக்காகவும் சேற்றுக்காகவும் வைத்தவை. தண்ணீர் இல்லாத ஊரில் அவை தேய்ந்தது தெரியாது. ஆடியிலும் ஆவணியிலும் ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தோடு ஐப்பசிக்குள் நுழைகிறோம். வடகிழக்குப் பருவமழையின் முதல் சாரல் சிம்மக்கல்லில் விழுகிறது. முன்னால் போகும் ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்கிறது. டயரின் உண்மையான நிலைமை அந்த நொடியில்தான் தெரியவருகிறது.

முதல் மழைதான் பெருமழையைவிட மோசம். மாதக்கணக்கில் சாலையில் படிந்த புழுதி, லாரியும் பஸ்ஸும் சிந்திய டீசல், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் முதல் தூறலில் குழைந்து ஒரு மெல்லிய பசையாகப் படர்கின்றன. மேலூர்ப் பக்கம் கல் தூள், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் வயலிலிருந்து டிராக்டர் இழுத்துவந்த கரிசல் மண் என்று பகுதிக்கு ஒரு சரக்கு அதில் சேரும். அரைமணி நேரம் நன்றாக அடித்துப் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அதுவரை வெள்ளைக்கோடும் பாதாளச் சாக்கடை மூடியும் பாலத்தின் இணைப்பு இரும்பும் வழுக்கும். 2023 ஏப்ரலில் திறந்த 7.3 கிலோமீட்டர் நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் ஏறி இறங்கும் வளைவுகளில் மழை நேரத்தில் பிரேக்கைத் தொட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வண்டியும் இரண்டு ஆளுமாக பின்சக்கரம் 150 கிலோ தாங்குகிறது என்று வையுங்கள். டயருக்குள் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ, அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 28 பவுண்டு. வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு 75 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கைதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் நகர்கிறது. அந்த உள்ளங்கையின் நீளம் பத்து சென்டிமீட்டர் என்றால், அடியில் சிக்கிய தண்ணீர் வெளியேற நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரம்தான் உண்டு. பள்ளம் இருந்தால் அதற்குள் ஓடி ஒதுங்கும். இல்லையென்றால் ரப்பருக்கும் தாருக்கும் நடுவிலேயே உட்கார்ந்துகொள்ளும். பைக் டயர் குறுகலாகவும் உருண்டையாகவும் இருப்பதால் காரைப்போலத் தண்ணீர்மேல் மிதப்பது நகர வேகத்தில் அபூர்வம், உண்மைதான். நம்மைச் சாய்ப்பது வெள்ளம் அல்ல, அந்த மெல்லிய சேற்றுப் பசை. அதைக் கிழித்துத் தாரைத் தொட பட்டனின் விளிம்பு கூராக இருக்க வேண்டும். தேய்ந்த பட்டனுக்கு விளிம்பு ஏது?

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி டயருக்கானது. இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கார், லாரி போன்ற மற்றவற்றுக்கு 1.6. பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டை எடுத்து விளிம்பைப் பாருங்கள். அதன் கனம் 0.76 மில்லிமீட்டர். உலகம் முழுக்க ஒரே அளவு. அந்தக் கனத்தைவிட ஒரு மயிரிழை கூடுதலாகப் பள்ளம் மிஞ்சியிருந்தால் சட்டப்படி உங்கள் டயர் நல்ல டயர்!

இதைச் சோதிப்பது யார்? ஆட்டோவும் லாரியும் தகுதிச் சான்றுக்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் நிற்கின்றன. சொந்த உபயோக பைக்குக்குப் பதிவுச் சான்று 15 வருஷம் செல்லும். அதுவரை அரசு சார்பில் யாரும் குனிந்து டயரைப் பார்க்கப் போவதில்லை. சோதனைச் சாவடியில் ஹெல்மெட்டைப் பார்ப்பார்கள், இன்ஷூரன்ஸைக் கேட்பார்கள். டயரைப் பார்ப்பவர் பஞ்சர் கடைக்காரர் ஒருவர்தான். அவரும் நம் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

"அண்ணே, ஓரத்துல பட்டன் நல்லாத்தான் இருக்கு. நடுவுலதான் போயிருச்சு. தீபாவளி வரைக்கும் ஓடும்ணே."

அவர் சொல்வது பொய்யில்லை. ஓடும். நிற்குமா என்பதுதான் கேள்வி.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். டயரின் பக்கவாட்டில், பட்டன் தொடங்கும் ஓரத்தில், சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்தோ தென்படும். அதற்கு நேராக மேலே வந்து பள்ளத்துக்குள் பார்த்தால், அடியில் ஒரு குட்டி ரப்பர் மேடு குறுக்கே படுத்திருக்கும். மண் அடைத்திருந்தால் பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். புது டயரில் அந்த மேடு ஆழத்தில் கிடக்கும். பட்டன் தேயத்தேய மேலே வரும். பட்டனும் மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. டயரைச் சுற்றி இப்படிப் பல இடங்களில் மேடு உண்டு. ஓர் இடத்தில் பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது, தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

அந்த மேடு வரும்வரை காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. சட்டம் சொல்வது கடைசி எல்லை. மழைக்காலத்துக்குள் நுழையும்போது நடுப்பகுதியில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் மாற்றிவிடுவதே புத்தி. ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். அதைவிடச் சற்று அதிகமாகப் பள்ளம் இருக்கிறதா என்று கண்ணாலேயே மட்டுக்கட்டலாம். நூற்றுக்கணக்கில் செலவழிக்க மனமிருந்தால் ஆழம் அளக்கும் கருவியும் கிடைக்கிறது. பஞ்சரை வைத்தும் ஒரு கணக்குச் சொல்லலாம். இந்தப் பக்கத்துச் சீமைக்கருவேல முள், கனமான ரப்பரைத் தாண்டி டியூபைத் தொடச் சிரமப்படும். மாதம் இரண்டு தரம் பஞ்சர் ஒட்டுகிறீர்கள் என்றால் முள்ளைத் திட்டுவதை நிறுத்திவிட்டு டயரைப் பாருங்கள்.

முள்ளைப் பற்றிப் பேசும்போது மதுரையின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்தில் இங்கே பஸ் ஓட்டத் தொடங்கியபோது அவருடைய டயர்களுக்கு எமன், மாட்டுவண்டி மாடுகளின் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள். சாலையில் கிடக்கும் ஆணிகளைப் பொறுக்குவதற்கென்றே காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை அவர் ஓடவிட்டார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் டயரின் அருமை அப்படி. அதே டி.வி.எஸ். குடும்பத்தின் ஸ்ரீசக்ரா நிறுவனம் 1982-இல் உருவாகி, மேலூர் போகும் வழியில் வெள்ளரிப்பட்டியில் டயர் தயாரிக்கிறது. இரு சக்கர, மூன்று சக்கர டயர்கள்தான் அதன் முக்கியச் சரக்கு. நாட்டின் எங்கோ ஒரு மூலையில் ஓடும் பைக்கின் டயர் நம்மூர் ஆலையில் வெந்து வந்ததாக இருக்கலாம். 'வெந்து' என்பது அலங்காரமில்லை. அடுக்கடுக்காக ஒட்டிய பச்சை டயரை அச்சுக்குள் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து வேகவைக்கும்போதுதான் பட்டனே பதிகிறது. அச்சின் காற்றுத் துளைகளில் ரப்பர் பிதுங்கி வந்ததுதான் புது டயரில் சிலிர்த்து நிற்கும் ரப்பர் முடி. முடி இருந்தால் புத்தம்புதுசு என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருஷம் குடோனில் கிடந்த டயரிலும் முடி உதிராமல் இருக்கும்.

வயதைத் தெரிந்துகொள்ள வேறு வழி உண்டு. பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-வது வாரம், ஆகஸ்ட் கடைசியில் தயாரானது. பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். பக்கத்திலேயே 80/100-18 54பி என்பது போல ஒன்று எழுதியிருக்கும். அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் நூறு சதவீதம், ரிம் 18 அங்குலம். 54 என்ற எண், இந்த டயர் 212 கிலோ தாங்கும் என்பதற்கு. பி என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் என்பதற்கு. விடிகாலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு எக்ஸ்.எல். மொபெட்டில் மூட்டைமேல் மூட்டை ஏற்றி வருகிறவர்களுக்கு வேகத்தைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது அந்த எடைக் குறியீட்டை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

பட்டன் நிறைய இருந்தும் தூக்கி எறிய வேண்டிய டயர்கள் உண்டு. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலைக்குப் போன பிள்ளையின் வண்டி, வீட்டு வாசலில் கவர் போர்த்தி நிற்குமே, அதைச் சொல்கிறேன். ஐந்தாறு வருஷத்தில் வெயிலும் காற்றும் ரப்பரை இறுக்கிவிடும். பக்கவாட்டை விரலால் அழுத்திப் பிதுக்கினால் மெல்லிய வெடிப்புகள் கோடுகோடாகத் தெரியும். மகன் லீவில் வந்து அந்த வண்டியில் கொடைக்கானல் புறப்படுவதற்குள் யாராவது சொல்லுங்கள். ஐந்து வருஷம் கடந்த டயரை ஆண்டுக்கு ஒரு தரமாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருஷம் ஆனதைப் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

தேய்ந்த விதத்தையும் பார்க்க வேண்டும். நான்குவழிச் சாலையில் தினமும் நேராகப் போய்வருகிறவரின் பின்டயர் நடுவில் தட்டையாகிவிடும். உருண்டையான டயர் சப்பையானபின் வளைவில் வண்டி சீராகச் சாயாது, ஒரு கட்டத்தில் சட்டென்று விழுவதுபோல் சாயும். பல பேர் இதை வண்டியின் கோளாறு என்று மெக்கானிக்கிடம் போகிறார்கள். காற்று குறைவாகவே ஓட்டியிருந்தால் இரண்டு ஓரமும் தேயும். அதிகம் அடித்திருந்தால் நடுப்பகுதி சீக்கிரம் போகும். காற்றை வண்டி ஓடிச் சூடாகும் முன், காலையில் பாருங்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் அளந்தால் இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாகக் காட்டும். கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிட்டால் மறுநாள் காலை டயர் தொய்ந்திருக்கும்.

ஒரு பழக்கத்தை மட்டும் கடுமையாகவே சொல்லியாக வேண்டும். தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகக் கோடு வெட்டிக் கொடுப்பது. லாரி டயரில் அதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்து, வெட்டலாம் என்று பக்கவாட்டில் அச்சிட்டும் இருக்கும். பைக் டயரில் அப்படி எதுவும் கிடையாது. கத்தி இறங்குவது, டயருக்கு உயிராக இருக்கும் நூல் அடுக்குக்கு ஒரு மயிரிழை மேலே. பார்வைக்குப் பட்டன், உள்ளே கிழியக் காத்திருக்கும் துணி. இது மிச்சம் பிடிப்பதல்ல, ஏமாற்று. வாங்குகிறவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார் என்பதால் யாரும் புகார் கொடுப்பதில்லை.

"முன்டயர் இருக்கட்டும்ணே, பின்னாடி மட்டும் மாத்துவோம்" என்பது இன்னொரு வழக்கம். பின்டயர்தான் சீக்கிரம் தேயும், அதனால் இது பாதி சரி. ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு. பின்சக்கரம் வழுக்கினால் சுதாரித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு. முன்சக்கரம் வழுக்கினால் நினைப்பதற்குள் தரையில் கிடப்போம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். என் வண்டியில் அது இருக்கிறது என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிடிப்பைக் கொடுக்க வேண்டியது டயர்.

மாற்றும்போது அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். டியூப் போட்ட வண்டியென்றால் டியூபையும் மாற்றுங்கள். பழைய டியூப் நீண்டு தொய்ந்திருக்கும், புது டயருக்குள் மடிந்து உராயும். முதல் நூறு கிலோமீட்டருக்குப் புது டயரின் மேல்தோல் வழுக்கும், வளைவில் பதனமாகப் போங்கள். செலவைப் பொறுத்தவரை சாதாரண நூறு சி.சி. வண்டிக்குப் பின்டயர் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில் கேட்டு வாங்குங்கள்.

எப்போது பார்ப்பது என்று கேட்டால், நமக்கு ஒரு நாள் ஏற்கெனவே குறித்துவைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை வருவது பருவமழை தொடங்கும் தறுவாயில். அன்றைக்கு எப்படியும் வண்டியைக் கழுவுகிறோம், குனிந்து சக்கரத்துக்குச் சந்தனம் வைக்கிறோம். இந்த வருஷம் பொட்டு வைக்கும் முன் அந்த முக்கோணத்தைத் தேடி, பள்ளத்துக்குள் ஒரு பார்வை பாருங்கள். மேடு மட்டத்துக்கு வந்திருந்தால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு டயர் கடைக்கு வண்டியைத் திருப்புங்கள்.