உங்களுக்குத் தெரியுமா? கைப்பேசியில் விரியும் பழைய செடிகள்

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1836-இல் பழனி மலையில் செடிகள் சேகரித்தார். 1853-இல் முடிந்த அவருடைய ‘ஐகோன்ஸ் பிளான்டாரம் இந்தியே ஓரியன்டாலிஸ்’ நூல் 6 தொகுதிகளில் 2,101 படங்கள் கொண்டது. பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் தென்னிந்திய ஓவியர்களான ரங்கையாவும் கோவிந்துவும். மூல ஓவியங்கள் பல எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார் வைட். ஓவியருக்கு அப்படியொரு மரியாதை அந்தக் காலத்தில் அபூர்வம்!

ஒருகாலத்தில் பெரிய நூலகங்களில் மட்டுமே கிடைத்த இந்நூல், இன்று ‘பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி’ இணையதளத்தில் இலவசம். வீட்டில் உட்கார்ந்தே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். படத்தைப் பெரிதாக்கி ஓரத்தைப் பாருங்கள். பலவற்றில் கோவிந்துவின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும்.