டர்போ பனி ஊர்திகளில் எரிபொருளும் டியூனிங்கும்

ஸ்நோமொபைல் எனப்படும் பனி ஊர்தி, முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்புறம் ரப்பர் ஓட்டுப்பட்டையும் கொண்டு பனிமேல் ஓடும் வாகனமாகும். கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப்-அர்மான்ட் பாம்பார்டியே 1959ஆம் ஆண்டு 'ஸ்கி-டூ' என்ற பெயரில் சிறிய பனி ஊர்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உயர்ந்த மலைகளில் ஆழ்ந்த பனியில் ஏறுவதற்காக டர்போசார்ஜர் பொருத்திய ஊர்திகள் பயன்படுகின்றன. இவற்றில் எரிபொருளும் டியூனிங்கும் தவறினால் சில நொடிகளில் பிஸ்டன் உருகிவிடலாம். சாலையிலிருந்து வெகுதொலைவில், உறைகுளிரில் இயந்திரம் நின்றுபோவது ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

மலையில் டர்போவின் தேவை

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 3,000 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ 70 கிலோபாஸ்கலாகக் குறைகிறது. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய எரிபொருளும் குறையும். எனவே டர்போ இல்லாத இயந்திரம் அந்த உயரத்தில் தன் திறனில் சுமார் 30 விழுக்காட்டை இழக்கிறது.

டர்போசார்ஜர், வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியை இயக்கி, உள்ளே செல்லும் காற்றை அழுத்துகிறது. இவ்வாறு இழந்த அழுத்தம் மீட்கப்படுகிறது. ஸ்கி-டூ நிறுவனம் 2020 மாடலாக வெளியிட்ட 850 சிசி டூ-ஸ்ட்ரோக் டர்போ இயந்திரம், சுமார் 2,400 மீட்டர் உயரம் வரை 165 குதிரைத்திறனைக் குறையாமல் தரும் வகையில் வடிவமைக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய அடிப்படை உண்மை ஒன்று உண்டு. ஊர்தி மலைமீது நின்றாலும், டர்போ இயந்திரத்தின் சிலிண்டருக்குள் இருப்பது மலைக்காற்றின் அழுத்தம் அன்று. கடல்மட்ட அழுத்தமோ அதற்கும் மேற்பட்ட அழுத்தமோ அங்கே நிலவுகிறது. எரிபொருளை அந்த அழுத்தத்துக்கு ஏற்பவே தேர்வு செய்ய வேண்டும்.

ஆக்டேன் எண்ணும் ஒரு பொறியும்

அழுத்தமும் வெப்பமும் மிகும்போது, தீப்பொறியால் தொடங்கிய எரிதல் முடிவதற்குள் எஞ்சிய கலவை தானாக வெடிக்கக்கூடும். இதுவே நாக்கிங். இதைத் தாங்கும் ஆற்றலை ஆக்டேன் எண் காட்டுகிறது.

கொலராடோ, யூட்டா, வயோமிங் போன்ற அமெரிக்க மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோல் சாதாரண வகையாக விற்கப்படுகிறது. பிற மாநிலங்களில் சாதாரண வகை 87 ஆகும். மெலிந்த காற்றில் டர்போ இல்லாத இயந்திரங்களில் நாக்கிங் குறைவு என்பதே இவ்வழக்கத்தின் அடிப்படை. டர்போ இயந்திரத்துக்கு இந்த வாதம் பொருந்தாது. 'மலைக்கு இது போதும்' என்று எண்ணி 85 ஆக்டேன் நிரப்புவது இயந்திரத்தைச் சேதப்படுத்தும்.

அமெரிக்க பங்குகளில் காணும் எண், ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்ற இரு அளவுகளின் சராசரி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஆர்.ஓ.என். மட்டும் குறிக்கப்படுகிறது. எனவே அமெரிக்காவின் 91, இந்தியாவின் 91-ஐவிட உயர்ந்தது. அது ஏறத்தாழ 95 ஆர்.ஓ.என். பெட்ரோலுக்கு இணையானது.

எத்தனால் கலந்த எரிபொருள்

இ85 என்பது எத்தனால் மிகுதியாகக் கலந்த எரிபொருள். இது நாக்கிங்கை நன்கு தாங்கும். ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கும். ஆனால் முழுமையாக எரிவதற்குப் பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு தேவை என்றால், இ85-க்கு சுமார் 9.8 பங்கே போதும். அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் செலுத்த வேண்டியிருப்பதால், பெரிய இன்ஜெக்டர்களும் வலுவான எரிபொருள் பம்பும் தேவைப்படுகின்றன. கடுங்குளிரில் இயந்திரத்தை இயக்கத் தொடங்குவதும் கடினம்.

இ85 என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பதில் எத்தனால் 51 முதல் 83 விழுக்காடு வரை மாறுபடும். குளிர்காலத்தில் பொதுவாகக் குறைவு. எத்தனால் குறைந்த எரிபொருளுக்கு டியூன் செய்த ஊர்தியில் எத்தனால் மிகுந்ததை நிரப்பினால், கலவையில் எரிபொருள் போதாமல் வெப்பம் ஏறும். எத்தனால் அளவை உணரும் சென்சார் இச்சிக்கலைத் தீர்க்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதால் நீண்டநாள் தொட்டியில் தேக்கி வைப்பதும் நல்லதன்று.

ஈயம் கலந்த பந்தய எரிபொருளும் விமானப் பெட்ரோலும் ஆக்சிஜன் சென்சாரைப் பழுதாக்கும்.

கலவையும் தீப்பொறி நேரமும்

முழு விசையில் ஓடும் பெட்ரோல் டர்போ இயந்திரத்துக்குப் பொதுவாக 12 பங்கு காற்றுக்கு 1 பங்கு எரிபொருள் என்ற அளவில் செறிவான கலவை தரப்படுகிறது. மிகுதியான எரிபொருள் வெப்பத்தைத் தணிக்கிறது. டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் எரிதல் நிகழ்வதால் பிஸ்டன் ஆற நேரமில்லை. பிழைக்கு இடம் மிகக் குறைவு.

குளிரும் ஒரு காரணி. 0 பாகையிலிருந்து மைனஸ் 30 பாகைக்கு வெப்பநிலை இறங்கினால் காற்றின் அடர்த்தி சுமார் 12 விழுக்காடு கூடுகிறது. எரிபொருளும் அதற்கேற்பக் கூட வேண்டும். வெப்பநிலை, அழுத்த சென்சார்கள் உள்ள இயந்திரம் இதைத் தானே சரிசெய்யும். கார்புரேட்டர் உள்ளது செய்யாது.

டர்போ அழுத்தத்தால் சூடான காற்றை இன்டர்கூலர் குளிர்விக்கிறது. நாக்கிங் உணரப்பட்டால் கட்டுப்பாட்டுக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். இது காப்பு மட்டுமே. தரம் குறைந்த பெட்ரோலுக்கு மாற்று அன்று.

தனியாக வாங்கிப் பொருத்தும் டர்போக்களில் இன்னொரு கவனம் தேவை. வெளிக்காற்றைவிட 70 கிலோபாஸ்கல் கூடுதலாகத் தருமாறு அமைத்தால், 3,000 மீட்டரில் மொத்த அழுத்தம் 140 ஆகும். அதே அமைப்புடன் 500 மீட்டருக்கு இறங்கினால் 165 ஆகிவிடும். மலையில் பாதுகாப்பாக ஓடியது அடிவாரத்தில் உடையலாம்.

கிளட்ச்

பனி ஊர்தியில் கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் இரு கிளட்ச்களும் உள்ளன. திறன் கூடும்போது முதன்மைக் கிளட்சின் எடைகளையும் கூட்ட வேண்டும். எடை குறைந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சுழலும். மிகுந்தால் உச்சத் திறன் தரும் சுழற்சியை எட்டாது. ஆகவே எரிபொருளை மாற்றினால் கலவை, தீப்பொறி நேரம், கிளட்ச் மூன்றையும் மீண்டும் சரிபார்ப்பதே டியூனிங்கின் ஒழுங்கு.