வெள்ளத்துக்கு ஏற்ற நாற்று

நெல் நீரை விரும்பும் பயிர். ஆயினும் அளவுக்கு மிஞ்சிய நீர் அதனையும் கொன்றுவிடும். கங்கைச் சமவெளியின் தாழ்ந்த வயல்களிலே ஆடி, ஆவணி மாதங்களில் இத்துன்பம் அடிக்கடி நேர்கிறது. நட்டுச் சில நாட்களே ஆன இளநாற்றின்மேல் முழங்காலளவு நீர் ஏறி நின்றுவிடுகிறது. நீர் வடிந்தபின் வயலிலே எஞ்சுவது சேறு மட்டுமே. விதைநெல்லும் போய்ப் பருவமும் தவறினால், அடுத்த விளைச்சல்வரை அக்குடும்பத்துக்குச் சோற்றுக்கு வழியில்லை.

நாற்று மடிவது ஏன்? பயிரும் மூச்சுவிடுகிறது. நெல்லின் இலையிலிருந்து வேர்வரை நுண்ணிய காற்றறைகள் தொடர்ந்து செல்கின்றன. இலைநுனி நீருக்கு மேலே நிற்குமாயின், அவ்வழியே ஒட்சிசன் இறங்கி வேரையும் காக்கும். பயிர் முழுவதும் மூழ்கினால் அவ்வழி அடைபட்டுவிடும். ஒட்சிசன் நீரிற் பரவும் வேகம், காற்றிற் பரவும் வேகத்தில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. கலங்கிய நீர் ஒளியையும் தடுப்பதால் இலை உணவாக்க இயலாது. சேமித்த மாச்சத்தையெல்லாம் செலவிட்டு மேலெழ முயலும் இளநாற்று, ஒன்றிரண்டு வாரங்களிற் சோர்ந்து அழுகுகிறது. ஆகவே உயரமே நாற்றுக்குப் பாதுகாப்பு.

பீகார் உழவர் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்து, இருமுறை நடும் வழக்கமொன்றைக் கைக்கொண்டுள்ளனர். அதனைக் 'கருஹன்' என்பர். கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் அதற்குச் 'சண்டா' என்று பெயர். நாற்றுமேடையில் மூன்று நான்கு வாரம் வளர்ந்த நாற்றை, நேரே தாழ்ந்த வயலுக்குக் கொண்டுசெல்லாது, வெள்ளம் ஏறாத மேட்டுநிலத்திலே நெருக்கமாக நடுகின்றனர். அங்கே மேலும் சில வாரங்கள் நிற்கும் நாற்று தண்டு தடித்து, தூர் கட்டி, உயர்ந்து வளர்கிறது. பின்னர் அதனைப் பிடுங்கித் தூர்களைப் பிரித்து, தாழ்ந்த வயலில் நடுகின்றனர். தேங்கிய நீரிலும் இந்நாற்றின் தலை வெளியே நிற்கும். ஒரு நாற்றிலிருந்து பல கிடைப்பதால் விதைநெல்லும் மிச்சமாகும். வெள்ளம் பிந்தி வடிந்தாலும், நாற்று மேட்டிலே காத்திருக்கும்.

எனினும் எல்லா நெல்லும் இம்முறைக்கு ஏற்றதன்று. மூன்று மாதத்தில் விளையும் இனங்களின் நாற்றுப்பருவத்தை இவ்வாறு நீட்டினால், அவை வயலிலே போதிய தூர் கட்டுமுன் கதிர் ஈன்றுவிடும். பகற்பொழுது குறுகும் காலத்திற் பூக்கும் நெடுங்கால இனங்களே இதற்குப் பொருந்தும். செலவும் கூடுதலே. இருமுறை பிடுங்கி, இருமுறை நடவேண்டும். சேற்றிலே குனிந்து நிற்கும் பெண்களே அவ்வுழைப்பிற் பெரும்பங்கைச் சுமக்கின்றனர்.

வெள்ளம் நாற்றுமேடையையே அழித்துவிட்டால் வேறு வழி வேண்டும். பிலிப்பைன்சு நாட்டு உழவர் வாழையிலையையோ சீமெந்துத் தரையையோ மேடையாகக் கொண்டு, முளைகட்டிய நெல்லை அதன்மேல் நெருக்கமாகப் பரப்பி, நீர் தெளித்து வளர்ப்பர். இதுவே 'தாப்பொக்' முறை. இரு வாரத்துக்குள் வேர்கள் பின்னிப் பாய்போலாகிவிடும். அதனைச் சுருட்டி வயலுக்கு எடுத்துச் செல்லலாம். நிலமெங்கும் நீர் நிற்கும் வேளையில், வங்காளதேசத்தவர் வாழைத்தண்டுத் தெப்பங்களின்மேல் நாற்று வளர்ப்பதுண்டு. இவ்வழிகள் காலத்தை மீட்டுத் தருவன. ஆனால் தாப்பொக் நாற்று குட்டையானது. நீர் வடிந்து, மட்டமாக்கிய வயலிலேயே அது நிலைக்கும்.

மூழ்கினாலும் பிழைக்கும் நெல்லினங்களும் உண்டு. 2009 இல் இந்தியாவில் வெளியிடப்பட்ட 'சுவர்ணா சப் 1' ஏறக்குறைய இரு வாரம் வளர்ச்சியை அடக்கி உயிர்தாங்கும். இலங்கையின் பழைய இனமாகிய கொடஹீனட்டியும் வெள்ளம் தாங்குவதென ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நல்லினம் கிடைத்தாலும், நாற்றின் வயதைக் கவனியாதிருத்தல் ஆகாது.

தன் வயலில் நீர் எப்போது ஏறும், எவ்வளவு ஆழம் நிற்கும், எப்போது வடியும் என்பவற்றைக் கமக்காரன் நன்கறிவான். நீர் தேங்கும் வயலுக்கு முதிர்ந்து உயர்ந்த நாற்றும், நீர் வடிந்த வயலுக்கு விரைந்து வளர்ந்த இளநாற்றும் பொருந்தும். அதற்கேற்ப விதைக்கும் நாளையும் மேடைக்குரிய இடத்தையும் முன்னரே தீர்மானித்துக்கொண்டால், வெள்ளம் வந்த ஆண்டிலும் களத்துக்கு நெல் வந்து சேரும்.