கிருமி போர்த்திய சர்க்கரை

ஜவ்வாது மலையில் விளையும் சாமை நமக்குச் சோறு; அதன் தாள் மாட்டுக்குத் தீவனம். சாமையின் மாவுச்சத்தும் தாளிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள்தான். ஒரு குளுக்கோஸ் அடுத்ததோடு சேரும் விதம் மட்டும் வேறு. அதனால்தான் ஒன்று நம் வயிற்றில் செரிக்கிறது, மற்றது செரிப்பதில்லை. இவ்வளவு நுணுக்கமான வேறுபாட்டைக் கண்டுகொள்வதில் நம் ரத்தத்தின் ஆன்டிபாடிகளும் சளைத்தவை அல்ல.

நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியா, சர்க்கரைச் சங்கிலிகளாலான உறை ஒன்றைப் போர்த்தியிருக்கிறது. வெள்ளை அணுக்கள் அதை எளிதில் விழுங்க முடியாமல் தடுப்பது இந்த உறையே. அது பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரைச் சங்கிலி என்று விஞ்ஞானிகள் ஹைடல்பர்கரும் ஏவரியும் 1923-இல் காட்டினார்கள். உறையின் அமைப்பை வைத்து இன்று நூறு வகைகளுக்கு மேல் பிரித்திருக்கிறார்கள்.

எந்த வகை என்று எப்படி அறிவது? ஜவ்வாது மலைக்கு வடக்கே, வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தைத் தென்கிழக்கு ஆசியாவுக்கான தன் ஒப்பீட்டு ஆய்வகமாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. இத்தகைய ஆய்வகங்களின் பழைய, இன்றும் நம்பகமான சோதனை 1902-இல் நாய்ஃபெல்ட் கண்டறிந்தது. கிருமியோடு ஆன்டிபாடிகள் உள்ள முயல் சீரத்தையும் நீலச் சாயத்தையும் ஒரு சொட்டில் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பொருத்தமான ஆன்டிபாடி என்றால் கிருமியைச் சுற்றி உறை உப்பியதுபோல் பளிச்சென்று தெரியும். பொருந்தாவிட்டால் ஒன்றும் நடக்காது.

ஆன்டிபாடியின் கை நுனியிலுள்ள பள்ளத்தில் ஆறேழு சர்க்கரைகள்தான் அடங்கும். அதற்குள்ளேயே எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிடுகிறது. 19எஃப், 19ஏ என்ற இரு வகைகளிலும் ஒரே சர்க்கரைகள்தான். குளுக்கோஸ் அடுத்துள்ள ராம்னோஸின் இரண்டாம் கார்பனில் சேர்ந்தால் 19எஃப், மூன்றாம் கார்பனில் சேர்ந்தால் 19ஏ. இந்த ஒரு கார்பன் இடைவெளிதான் தடுப்பூசிக்காரர்களைப் படுத்தியது: இவ்விரண்டில் 19எஃப் மட்டும் இருந்த ஏழு வகைத் தடுப்பூசி பரவிய நாடுகளில் 19ஏ தலைதூக்கியது. ஒரு கையின் பிடி வலுவற்றது என்பதும் உண்மை. ஆனால் சங்கிலியில் அதே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால், பல கைகள் ஒரே நேரத்தில் பற்றும்போது பிடி விடுவதில்லை.

இதில் ஒரு சங்கடம். வெறும் சர்க்கரைக்கு டி செல்கள் உதவிக்கு வருவதில்லை. இரண்டு வயதுக்குள் உடல் அதற்குச் சரியாக ஆன்டிபாடி உண்டாக்காது. ஆகவே டி செல்களும் உதவிக்கு வரும்படி, சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்துக் கொடுக்கிறார்கள். புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டின் நிமோசில் ஊசியில் பத்து வகைச் சர்க்கரைகள் உண்டு, 19ஏ, 19எஃப் இரண்டும் சேர்த்து. அவற்றைச் சுமப்பது விஷம் நீங்கிய டிப்தீரியா நச்சுப் புரதம். தமிழ்நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் 2021 ஜூலையில் நிமோகாக்கஸ் ஊசி சேர்ந்தது. சென்னைக் குழந்தையானாலும் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்க் குழந்தையானாலும் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணைகள்.